ஒரு கல், 11 காளைகள்
லித்தோ என்னும் கல்லச்சில் மேடும் இல்லை, பள்ளமும் இல்லை. பிறகு கோட்டில் மட்டும் மை எப்படி ஒட்டுகிறது? எண்ணெயும் தண்ணீரும் சேராததுதான் காரணம். வழவழவெனத் தேய்த்த சுண்ணாம்புக் கல்லில் கொழுப்புள்ள மெழுகுக் குச்சியால் வரைகிறார்கள். வேலம்பிசினில் சில துளி நைட்ரிக் அமிலம் கலந்து பூசினால், வரையாத இடம் ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும். கல்லை நனைத்து மை உருளையை ஓட்டும்போது ஈரம் மையைத் தள்ளும், கொழுப்பு வாங்கிக்கொள்ளும். ஜெர்மனியில் அலோய்ஸ் செனஃபெல்டர் 1790-களின் பிற்பகுதியில் கண்ட வழி இது.

அச்சுதானே, அது அசலாகுமா என்று கேட்பார்கள். ஓவியத்தைப் படம்பிடித்து அச்சிட்ட தாளைப் பற்றி என்றால் நியாயமான கேள்வி. இங்கோ தாளுக்கு முன்னால் வேறு ஓவியமே கிடையாது. கல்லில் இருப்பதும் இடவலம் மாறிய உருதான்; அது நேராவது தாளில்தான். பாரிஸின் மூர்லோ அச்சகத்தில், 1945 டிசம்பர் தொடங்கி 1946 ஜனவரிக்குள், பிக்காசோ ஒரு காளையைக் கல்லில் சுரண்டியும் திருத்தியும் 11 நிலைகளில் அச்செடுத்தார். வரையத் தெரியாதவர்களின் புகலிடம் நவீன ஓவியம் என்பவர்கள் அந்தத் தொடக்கக் காளைகளைப் பார்க்க வேண்டும்: சதையும் திமிரும் நிஜம்போல் திரண்டு நிற்கும். நடுவே உடல் கட்டம் கட்டமாகப் பிரிகிறது. கடைசியில் சில கோடுகளே மிச்சம். கித்தானில் தீட்டியிருந்தால் முந்தைய காளைகள் அடுத்த பூச்சுக்கடியில் மறைந்திருக்கும். தாளில் எல்லாமே பிழைத்திருக்கின்றன.