மலையகப் பள்ளிக்கூடம் – 8: மூன்று மொழிக்காரப் பிள்ளை

கலஹா டவுனில் ஒரு பாமசி. தோட்டத்திலிருந்து பிரஷர் குளிசை வாங்க வந்த அம்மாயிக்குத் துணை, ஐந்தாம் தரத்தில் படிக்கும் பேத்தி. கடைக்காரர் சிங்களத்தில் சொல்லச் சொல்ல, "அம்மாயி, இது காலையில சாப்பாட்டுக்குப் பொறகு ஒண்ணு. இத ராவைக்கு மட்டும் போடணுமாம்" என்கிறாள். கிழவிக்குச் சந்தேகம் தீரவில்லை. பிள்ளை மறுபடி சிங்களத்தில் விசாரிக்கிறாள். உறையிலுள்ள ஆங்கில எழுத்தையும் எழுத்துக்கூட்டிப் பார்த்துவிட்டுத் தலையாட்டுகிறாள். இப்படிப்பட்ட பிள்ளைகளைப் பற்றித்தான் "சிங்களமும் வராது, இங்கிலீசும் வராது" என்று பெற்றோர் கூட்டங்களில் கவலைப்படுகிறோம்.

கவலைக்குக் காரணம் இருக்கிறது. இங்கிருந்து தெல்தோட்டை வழியாகப் போனால் வரும் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெயிலர் 19 ஏக்கரில் தேயிலை நட்டது 1867இல். 6 முதல் 10 வயது வரையான தோட்டப் பிள்ளைகளுக்குத் தாய்மொழியில் படிப்பிக்க வேண்டுமென்று துரைமாருக்குச் சட்டம் வந்தது அதற்கு 40 வருஷம் கழித்து, 1907இல். அரசாங்கம் தோட்டப் பள்ளிகளைப் பொறுப்பேற்கத் தொடங்கவோ 1977 ஆகிவிட்டது. தனக்குக் கிடைக்காததெல்லாம் தன் பிள்ளைக்கு ஒரே தலைமுறையில் கிடைக்க வேண்டுமென்று கொழுந்து பறிக்கும் தாய் அவசரப்படுவதை நான் குறை சொல்லமாட்டேன்.

அந்த அவசரம் பிள்ளையின் தலையில் இறங்குவது புலமைப்பரிசில் பரீட்சையாக. 1997 கல்விச் சீர்திருத்தம் ஆரம்ப வகுப்புகளுக்கு விளையாட்டு, செயற்பாடு, எழுத்துவேலை என்று மூன்று வழி வகுத்தது. 1999இல் முதலாம் தரத்தில் நாடெங்கும் தொடங்கிய ஏற்பாடு அது. ஓடி ஆடி வாய்மொழியாக ஆங்கிலம் பழகுவதும் அதில் சேர்த்தி. நல்ல திட்டம். ஆனால் நான்காம் தரம் வந்ததும் விளையாட்டு சுருங்கி, டியூசனும் மாதிரி வினாத்தாளும் வெட்டுப்புள்ளிக் கணக்கும் வந்துவிடுகின்றன. கடையில் கூச்சமில்லாமல் பேசிய சிங்களம் வினாத்தாளில் புள்ளியாக மாறியதும் பிள்ளைக்கு நாக்கு ஒட்டிக்கொள்கிறது.

இந்த நெருக்கடி நமக்கு மட்டுமல்ல. தைவானும் தேயிலை மலைகள் கொண்ட தீவுதான். 2030க்குள் சீனமும் ஆங்கிலமும் பேசும் இருமொழி நாடாக வேண்டுமென்று 2018இல் அங்கே அறிவித்தார்கள். நம் டியூசனைப் போல அங்கே பூசிபான் வகுப்புகள். மேற்கத்தியக் கல்வியைப் பார்த்த பெற்றோருக்கு அங்கும் இதே தவிப்பு: மனப்பாடமும் பயிற்சியும் வேண்டும், பிள்ளை சொந்தமாக யோசிக்கவும் வேண்டும். நான் இதில் பயிற்சிக்கு எதிரியில்லை. பெருக்கல் வாய்பாட்டைப் பாடமாக்காமல் கணக்கு வராது. மொழி மட்டும் அப்படி வராது. அதற்குச் சொல்ல ஏதாவது இருக்க வேண்டும், கேட்க ஒருவர் இருக்க வேண்டும்.

மாசியில் கம்பம் ஊன்றிக் காமன் கூத்து நடக்கும்போது பாருங்கள். இரவிரவாகப் பாட்டுக் கேட்ட பொடியன்கள், மறுநாள் லயத்து வாசலில் ரதியும் மதனுமாகத் தாங்களே ஆடுகிறார்கள். மறந்த அடியைச் சொந்தமாக இட்டு நிரப்புகிறார்கள். மனப்பாடமும் கற்பனையும் சண்டையில்லாமல் சேர்ந்திருக்கும் இடம் அது. அந்த ஆட்டத்தை ஒரு பாடவேளைக்கு வகுப்பறைக்குள் கொண்டுவந்து, கதையைச் சிங்களத்தில் பக்கத்துப் பள்ளிப் பிள்ளைக்குச் சொல்லவிட்டால் என்ன? பிழை பார்க்க வேண்டாம், புள்ளியும் போட வேண்டாம்.

ஆனால் ஒரு மொழியிலிருந்து இன்னொன்றுக்குக் கதையைக் கொண்டுபோக, முதலில் தமிழ் உறுதியாக இருக்க வேண்டும். இந்தப் பக்கத்துத் தலாத்துஓயாக்காரர் கே. கணேஷ். முல்க்ராஜ் ஆனந்தின் நாவலையும், லூ சுன்னின் கதைகளையும், ஹோ சி மின்னின் சிறைக் கவிதைகளையும் தமிழுக்குக் கொண்டுவந்தவர். சீனமும் வியட்நாமும் ஆங்கிலத்தின் வழியே அவரிடம் வந்தன. வந்தவற்றை இறக்கிவைக்க அவரிடம் நல்ல தமிழ் இருந்தது. வீட்டில் தமிழை நிறுத்தினால் இங்கிலீசு சீக்கிரம் வருமென்று நினைக்கும் பெற்றோரிடம் நான் அவரைத்தான் காட்டுவேன்.

இருந்தும், பிள்ளையைச் சிங்கள மொழிமூலப் பாடசாலைக்கே மாற்றிவிடும் குடும்பங்கள் கண்டிப் பக்கத்தில் உண்டு. அவர்கள் சொல்லும் காரணங்களைத் தட்டிக்கழிக்க முடியாது. அவற்றை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)