பரணிக்குள் எந்த ஈஸ்ட்?

கிறிஸ்துமஸ் நெருங்கினால் திருவனந்தபுரம் சாலைக் கம்போளத்தில் கறுப்புத் திராட்சைக்குக் கிராக்கி வந்துவிடும். வாங்கிப் போன பழத்தைக் கழுவித் துடைத்து, பீங்கான் பரணியில் சர்க்கரையோடு சேர்த்து, கொதித்து ஆறிய தண்ணீரை ஊற்றுவார்கள். பட்டை, கிராம்பு, வெதுவெதுப்பான நீரில் நுரைக்கவைத்த ஈஸ்ட், கடைசியாக ஒரு கைப்பிடி கோதுமை. பரணியின் வாயைத் துணியால் இறுகக் கட்டிவிட்டு, தினமும் ஒருமுறை மரக்கரண்டியால் கிளறுவார்கள். 21 நாள் கழித்து வடிகட்டுவது பல வீடுகளின் வழக்கம்.

பழம், கோதுமை, ஈஸ்ட் மூன்றும் கூடிவிட்டாலும் இந்த வீட்டு ஒயின் பழம் சேர்த்த கோதுமை பீர் ஆகிவிடாது. பச்சைக் கோதுமையின் மாவுச்சத்தை ஈஸ்டால் தின்ன முடியாது. முளைகட்டி உலர்த்திய தானியத்தை (மால்ட்) 65 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூட்டு நீரில் ஊறவைத்தால்தான், முளைப்பில் உண்டான நொதிகள் மாவைச் சர்க்கரையாக உடைக்கும். பரணியில் விழும் கோதுமை ஈஸ்டுக்குக் கொஞ்சம் ஊட்டம், அவ்வளவே. ‘வீரியம் ஏறும்’ என்று அதற்குக் கொடுக்கும் பெருமை சற்று அதிகம்தான்.

வீரியத்தைவிட ருசிதான் பெரிது என்பவர்கள் யோசிக்க வேண்டியது ஈஸ்டைப் பற்றி. கடையில் கிடைக்கும் ரொட்டி ஈஸ்ட் மாவை உப்பவைக்கவென்றே வளர்த்த ரகம். வேகமாகப் பொங்கும், ஆனால் அடியில் நன்றாகப் படியாமல் கலங்கலாகவே நிற்கும். பீர் ஈஸ்டும் பெரும்பாலும் அதே இனம்தான், சாக்கரோமைசஸ் செரிவிசியே, ரகம்தான் வேறு. 1883-ல் கோபன்ஹேகனின் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் எமில் கிறிஸ்டியன் ஹான்சன் ஒற்றை செல்லிலிருந்து தூய ஈஸ்டை வளர்த்தெடுத்த பிறகுதான், இன்ன ரகம் வேண்டும் என்று கேட்டு வாங்கும் காலம் வந்தது.

ஜெர்மனியின் பவேரியக் கோதுமை பீரை முகர்ந்தால் கிராம்பு வாசம் அடிக்கும். உள்ளே ஒரு கிராம்புகூடக் கிடையாது! மால்ட்டில் இருக்கும் ஃபெரூலிக் அமிலத்தை அந்த ரக ஈஸ்ட் 4-வினைல் குவாயகோலாக மாற்றிவிடுகிறது. கிராம்பை நினைவூட்டும் வாசம் அதனுடையது. கூடவே ஐசோஅமைல் அசிட்டேட் என்ற எஸ்டரும் உருவாகும். அது அப்படியே வாழைப்பழ மணம்.

கோதுமை பீரில் பழம் சேர்க்கும்போது சிக்கல் இங்கேதான். 2009-ல் புவிசார் குறியீடு பெற்ற வாழக்குளம் அன்னாசியையே போட்டாலும், வாழைப்பழமும் கிராம்பும் முந்திக்கொண்டால் அன்னாசி எடுபடாது. பழம்தான் முன்னே நிற்க வேண்டும் என்றால் தன் வாசனையைத் திணிக்காத அமெரிக்க ஏல் வகை பீரின் ஈஸ்டே சரி. முதல் பொங்கல் அடங்கிய பிறகு பழத்தைச் சேர்ப்பது நல்லது. முன்பே சேர்த்தால் வெளியேறும் கரியமில வாயுவோடு பழத்தின் மணமும் போய்விடும். பவேரிய ஈஸ்டை வாழை, மாம்பழம் போன்ற கனத்த பழங்களுக்கு வைத்துக்கொள்ளலாம்.

அடுத்த சிக்கல் ஊரின் வெக்கை. பவேரிய ஈஸ்டுக்குப் பிடித்தது ஏறக்குறைய 17 முதல் 22 டிகிரி. திருவனந்தபுரத்தில் டிசம்பரிலும் பகலில் 30 டிகிரியைத் தொடும். நொதிக்கும்போது எழும் சூடு வேறு. அந்தச் சூட்டில் வாழைப்பழ மணம் தூக்கலாகி, தொண்டையை எரிக்கும் கன ஆல்கஹால்களும் கூடும். இந்த ஊருக்குப் பொருத்தமானது மேற்கு நார்வேயின் பண்ணை வீட்டு ஈஸ்டான க்வைக். குடியானவர்கள் மர வளையங்களில் காயவைத்துத் தலைமுறைகளாகக் காத்துவந்தது. 35 டிகிரிக்கு மேலும் சுணங்காது. சில வகைகளில் லேசான ஆரஞ்சு மணமும் உண்டு. பழ பீருக்கு அது உறுத்தாது.

இதையெல்லாம் வீட்டில் செய்துபார்க்க நினைப்பவர்களுக்கு முன்னால் கேரளத்தின் அப்காரி (கலால்) சட்டம் நிற்கிறது. கொல்லம் ஆண்டு 1077-ன் சட்டம் அது. உரிமமின்றி மது தயாரித்தால் பத்து ஆண்டுவரை சிறை. 2019 கிறிஸ்துமஸுக்கு முன்பு வீட்டு ஒயினும் இதில் அடங்கும் என்று கலால் துறை எச்சரித்தபோது பரணி வைத்த வீடுகள் கலங்கித்தான் போயின. 2022-ல் சிறு ஒயினரிகளுக்கு விதிகள் வந்தன. கேரளப் பழங்களிலிருந்து உரிமத்தோடு ஒயின் தயாரிக்கலாம். தானியங்களுக்கு அதில் இடமில்லை. அன்னாசிக்குக் கதவு திறந்திருக்கிறது. கோதுமை இன்னும் வெளியேதான்.