உங்களுக்குத் தெரியுமா? மேகத்துக்கு அடியில் மணிமங்கலம்

அடையாறு தொடங்கும் மலைப்பட்டு ஏரி மணிமங்கலத்துக்குப் பக்கத்தில்தான். 2015 டிசம்பரில் அந்த ஆறு கரைபுரண்டபோது மேலே இன்சாட்-3டி வானிலைச் செயற்கைக்கோள் இருந்தது. ஆனால் கனத்த மழைமேகம் மூடினால், அதன் அகச்சிவப்புக் கருவிக்கு ஏரியும் தெரியாது, ஆறும் தெரியாது. மேகத்தின் குளிர்ந்த உச்சி மட்டுமே தெரியும். அடியில் எவ்வளவு மழை என்பதை அந்தக் குளிரை வைத்து ஊகிக்க வேண்டியதுதான்.

நுண்ணலை இன்னும் ஆழமாகப் பார்க்கும். 2011 அக்டோபர் 12 அன்று இஸ்ரோ ஏவிய இந்திய-பிரெஞ்சு செயற்கைக்கோளான மேகா-ட்ராபிக்ஸில் சஃபீர் என்றொரு கருவி இருந்தது. 183 கிகாஹெர்ட்ஸ் அருகே ஆறு அலைவரிசைகளில் காற்றின் ஈரப்பதத்தை அளந்தது. மெல்லிய மேகம் அதற்குப் பெரிய தடையல்ல. வம்பு செய்பவை மழைமேகத்தின் மேற்பகுதியில் உள்ள பனித்துகள்கள். கீழிருந்து வரும் கதிர்வீச்சை அவை சிதறடிப்பதால், கருவி காட்டும் வெப்பநிலை சட்டென்று சரியும். துகளின் பருமன், வடிவம், அளவு ஆகியவற்றைக் கொண்டு அந்தச் சரிவைக் கணக்கிடுபவைதாம் கதிர்வீச்சுக் கடத்தல் மாதிரிகள்.

இந்த மாதிரிகள் தேறாத காலத்தில் மேகம் பட்ட அளவீடுகளை வானிலை மையங்கள் பெரும்பாலும் கழித்துவிட்டன. மழையைப் பற்றிச் சொல்லக்கூடியவையே அவைதான்! பிறகு ஐரோப்பிய வானிலை மையம் சஃபீரின் மேகமூட்ட அளவீடுகளையும் முன்கணிப்பில் சேர்த்துக்கொண்டது.