பனிமலைக்கும் பள்ளித் திடலுக்கும் ஒரே பாடம்

பனி என்றால் நம் பிள்ளைகளுக்கு ஐஸ் கச்சாங்தான் நினைவுக்கு வரும். கட்டையைக் காலில் மாட்டிக்கொண்டு மலைச் சரிவில் வழுக்கி இறங்கும் பனிச்சறுக்கு விளையாட்டைத் தொலைக்காட்சியில் பார்த்தால்தான் உண்டு. ஆனாலும் 2018-ஆம் ஆண்டு தென்கொரியாவின் பியோங்சாங்கில் நடந்த குளிர்கால ஒலிம்பிக்கில் நம் மலேசியாவும் முதன்முறையாகக் கலந்துகொண்டது. பனிச்சறுக்கு வீரர் ஜெஃப்ரி வெப் நம் கொடியின் கீழ் போட்டியிட்டார்.

அப்போதுதான் எனக்கு ஒரு கேள்வி பிறந்தது. பனி சில மாதங்களே கிடக்கும். மற்ற மாதங்களில் அந்த வீரர்கள் என்ன செய்வார்கள்?

பனிச்சறுக்கில் முழங்காலை மடக்கியபடியே நெடுநேரம் இறங்க வேண்டும். உடல் எடை முழுவதையும் தொடைகள் தாங்கும். திருப்பத்துக்குத் திருப்பம் பாரம் ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறும். ஆண்டெல்லாம் சும்மா இருந்துவிட்டு முதல் பனியில் மலையேறினால் முழங்கால் பழுதாகிவிடும். அதனால்தான் மேல்நாட்டில் பலர் கோடையிலும் விடாமல் யோகாசனம் செய்கிறார்கள்.

இந்தக் கதையில் நம் ஜொகூருக்கும் பங்கு உண்டு என்றால் வியப்பீர்கள். நெல்லைச் சீமையின் பத்தமடையில் 1887-இல் பிறந்த குப்புசாமி என்ற மருத்துவர் 1913-இல் மலாயாவுக்கு வந்தார். முதலில் சிரம்பான் அருகே ஒரு தோட்ட மருத்துவமனையிலும், பின்னர் ஜொகூர் பாருவிலும் பணிசெய்தார். 1923-இல் இந்தியா திரும்பிப் பின்னர்த் துறவு பூண்டார். அவரே ரிஷிகேசத்துச் சுவாமி சிவானந்தர்! அவர் 1957-இல் மேல்நாட்டுக்கு அனுப்பிய சீடர் விஷ்ணுதேவானந்தர், கனடாவின் வால்-மோரின் என்ற மலையூரில் ஆசிரமம் அமைத்தார். பனி மூடும் மாதங்களில் அங்கே வருவோருக்கு ஆசனமும் உண்டு, பனிச்சறுக்கும் உண்டு.

நமக்கு இதில் என்ன பாடம்? என் தவற்றையே சொல்லிவிடுகிறேன். மழைக்காலத்தில் எங்கள் பள்ளித் திடல் குளமாகிவிடும். பிள்ளைகள் மாதக்கணக்கில் ஓடுவதில்லை. போட்டிக்கு மூன்று வாரம் இருக்கும்போது, "ஓடு, ஓடு!" என்று விரட்டினேன். ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் பாதி ஓட்டத்தில் தொடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். அவனை முதுகில் சுமந்து லயத்துக்குக் கொண்டுபோனவர் அவன் தந்தை. என்னை ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. அதுதான் எனக்கு அதிகம் வலித்தது.

அன்று முதல் திடல் காய்ந்தாலும் நனைந்தாலும், காலையில் பதினைந்து நிமிடம் பள்ளி மண்டபத்தில் பாய் விரித்துவிடுகிறோம்.

முதலில் நாற்காலி ஆசனம். கைகளை உயர்த்தி, நாற்காலியில் அமர்வதுபோல் முழங்காலை மடக்கி ஐந்து மூச்சு நிற்க வேண்டும். முழங்கால்கள் உள்பக்கம் சாயக் கூடாது. பனிச்சறுக்கு வீரர் இறங்கும் நிலையும் ஏறக்குறைய இதுதான். அடுத்து விருட்சாசனம். ஒற்றைக் காலில் நின்று, மறு பாதத்தைத் தொடையிலோ கெண்டைக்காலிலோ பதிக்க வேண்டும். முழங்கால் மூட்டின்மேல் வைக்கவே கூடாது. இது கணுக்காலுக்கு வலுவும் உடலுக்குச் சமநிலையும் தரும். பிறகு ஒரு காலை முன்வைத்து மடக்கி, மறு காலைப் பின்னே நீட்டி நிற்கும் வீரபத்திராசனம். முதுகுக்குப் புஜங்காசனம். கடைசியில் சவாசனம். அதில் மட்டும் எல்லாருமே முதல் பரிசுக்காரர்கள்!

ஒன்றை மறக்க வேண்டாம். ஆசனம் ஓட்டத்துக்கு ஈடாகாது. ஓட்டக்காரன் ஓடித்தான் ஆகவேண்டும். ஓடும் உடலைப் பழுதின்றிக் காப்பதே ஆசனத்தின் வேலை. சாப்பிட்டவுடன் செய்யாதீர்கள். மூட்டுவலி, இரத்த அழுத்தம் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுத் தொடங்குங்கள். வலிக்கும் அளவுக்கு உடலை இழுக்காதீர்கள்.

அந்த மாணவன் மறு ஆண்டு மீண்டும் ஓடினான். நான்காவதாகத்தான் வந்தான். ஆனால் நொண்டாமல் வீட்டுக்கு நடந்து போனான். அன்று மாலை அவன் தந்தை என்னிடம் வந்தார். நாள் முழுதும் அண்ணாந்து பார்த்துச் செம்பனைக் குலை வெட்டுபவர்.

"சார், கழுத்தும் முதுகும் ரொம்ப வலிக்குது. பையன் செய்யறத நானும் செய்யலாமா?" என்றார்.

"கிளினிக்கில் ஒருமுறை காட்டிவிட்டு வாங்கண்ணே, பாய் தயாராக இருக்கு" என்றேன்.

பெற்றோரே, உங்கள் வீட்டிலும் ஒரு பாய் இருக்கும். போட்டி நாள் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். நாளைக் காலையே விரியுங்கள்!