எச்சரிக்கை யாருக்குப் புரிகிறது? சிறுவர் கையில் எனர்ஜி டிரிங்க்

பள்ளி விடும் நேரத்தில் தாம்பரம் முடிச்சூர் ரோட்டில் ஏதாவது ஒரு பெட்டிக்கடை முன்னால் ஐந்து நிமிடம் நின்றால் போதும். முதுகில் பையோடு வரும் பிள்ளைகள் ஃப்ரிட்ஜைத் திறந்து எடுப்பது மோரோ பன்னீர் சோடாவோ அல்ல. 250 மில்லி எனர்ஜி டிரிங்க் பாட்டில். 20 ரூபாய்க்கே கிடைக்கிறது. கடைக்காரர் காசை வாங்கிக் கல்லாவில் போடுகிறார். வயது கேட்பதில்லை. கேட்க வேண்டும் என்று சட்டமும் அவருக்குச் சொல்லவில்லை.

அந்த பாட்டிலைத் திருப்பிப் பார்த்தால் பொடி எழுத்தில் சில வரிகள் இருக்கும். இதில் கஃபீன் அதிகம். ஒரு நாளைக்கு 500 மில்லிக்கு மேல் குடிக்கக் கூடாது. குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மார்களுக்கும் கஃபீன் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கும் ஏற்றதல்ல. இவற்றை அச்சிட்டே தீர வேண்டும் என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் விதி. ஆனால் லேபிள் ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருந்தால் போதும் என்கிறது அதே ஆணையம் 2020-ல் கொண்டுவந்த லேபிள் விதி. தமிழைச் சேர்ப்பது உற்பத்தியாளரின் விருப்பம். மகன் ஆசைப்படுகிறான் என்று வாங்கித் தரும் தாய்க்கு ஆங்கிலம் தெரியாவிட்டால், அவர் பிள்ளையைக் காப்பதற்காகவே எழுதப்பட்ட வரி அவருக்கு வெறும் கோடுதான். படிக்கத் தெரிந்த கடைக்காரரையோ அந்த வரி கட்டுப்படுத்துவதில்லை.

உள்ளே அப்படி என்னதான் இருக்கிறது? ஒரு லிட்டருக்கு 145 முதல் 300 மில்லிகிராம் வரை கஃபீன் இருக்கலாம் என்பது இந்திய விதி. 250 மில்லி பாட்டிலில் அதிகபட்சம் 75 மில்லிகிராம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2024 உணவு வழிகாட்டியோ, 150 மில்லி டிகாஷன் காபியில் 80 முதல் 120 மில்லிகிராம் கஃபீன் இருப்பதாகச் சொல்கிறது. அப்படியானால் வீட்டுக் காபியைவிட இது குறைவுதானே என்று யாரும் கேட்பார்கள். நியாயமான கேள்வி.

பதில் குடிக்கும் விதத்திலும் குடிப்பவரின் எடையிலும் இருக்கிறது. கொதிக்கும் காபியை யாரும் மடமடவென்று குடிப்பதில்லை. ஏழாம் வகுப்புப் பையனுக்கு அடுத்தடுத்து இரண்டு டம்ளர் ஸ்ட்ராங் காபி ஆற்றிக் கொடுக்கும் அம்மாவும் இல்லை. இதுவோ ஜில்லென்று, இனிப்பாக, இரண்டு நிமிடத்தில் தொண்டையில் இறங்கிவிடும். டர்ஃப் மைதானத்தில் ஆட்டம் முடிந்ததும் இன்னொன்று.

ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015-ல் சொன்ன கணக்கு பெற்றோருக்கு உதவும். சிறுவர்களுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் ஒரு நாளைக்கு, உடல் எடையில் கிலோவுக்கு 3 மில்லிகிராம் கஃபீன் வரை பாதுகாப்பு. 40 கிலோ எடையுள்ள பிள்ளைக்கு 120. இரண்டு பாட்டில் குடித்தால் 150 வரை போய்விடும். வீட்டில் குடிக்கும் டீயும் காபியும் தனி. லேபிளில் இருக்கும் ‘500 மில்லி’ வரம்பை நம்பினால்கூட இந்தப் பிள்ளைக்கு அது மிஞ்சிய அளவு. தூக்கத்துக்கான வரம்பு இன்னும் குறைவு: கிலோவுக்கு 1.4 மில்லிகிராமே தூக்கம் வருவதைத் தள்ளிப்போடலாம். 40 கிலோவுக்கு அது 56. ஒரே பாட்டில் அதைத் தாண்டிவிடலாம்.

பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ, நீட் என்று கண்விழிக்கும் வீடுகள் கவனிக்க வேண்டிய இடம் இது. மூளையில் களைப்பைத் தெரிவிக்கும் அடினோசின் என்ற பொருளின் வேலையைத்தான் கஃபீன் தடுக்கிறது. களைப்பு போவதில்லை, தெரியாமல் போகிறது. உடலில் சேர்ந்த கஃபீன் பாதியாகக் குறையவே ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகும். மாலை ஆறு மணிக்குக் குடித்ததில் பாதி இரவு பதினொன்றுக்கும் ரத்தத்தில் இருக்கும். தூங்காத பிள்ளை மறுநாள் சோர்ந்துபோய், அதைப் போக்க அடுத்த பாட்டிலைத் தேடுகிறது. படித்தது நினைவில் தங்க வேண்டுமென்றால் தூக்கம்தான் வேண்டும்.

சர்க்கரை வேறு. 250 மில்லி ரெட் புல்லில் சுமார் 27 கிராம். உலக சுகாதார நிறுவனம் ஒரு நாள் முழுவதற்கும் 25 கிராமுக்குள் இருப்பது நல்லது என்கிறது.

இதயத் துடிப்பில் பிறவிக் கோளாறு இருப்பது தெரியாமலேயே வளரும் பிள்ளைகள் உண்டு. அவர்களுக்கு ஆபத்து மிகப் பெரிது; மற்றவர்களும் முழுக்கத் தப்பியவர்கள் அல்ல. 2011 டிசம்பரில் அமெரிக்காவின் மேரிலாந்தில், அடுத்தடுத்த நாட்களில் இரண்டு பெரிய கேன் எனர்ஜி டிரிங்க் குடித்த 14 வயதுச் சிறுமி இதயத் துடிப்பு தடுமாறி இறந்தாள். 2017-ல் சவுத் கரோலினாவில் 16 வயது மாணவன் காபி, சோடா, எனர்ஜி டிரிங்க் மூன்றையும் இரண்டு மணி நேரத்துக்குள் குடித்து வகுப்பிலேயே சரிந்தான். அவனையும் காப்பாற்ற முடியவில்லை. படபடப்பு, கை நடுக்கம், விடாத வாந்தி, நெஞ்சுவலி, மயக்கம் வந்தால் சோடாவும் இஞ்சிச் சாறும் கொடுத்துப் பார்க்கும் நேரமல்ல அது. 108-ஐ அழைத்து, காலி பாட்டிலையும் கையோடு எடுத்துப் போய் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

சிகரெட்டை 18 வயது நிரம்பாதவருக்கு விற்றால் இங்கே குற்றம். எனர்ஜி டிரிங்குக்கு அப்படி ஒரு வயது வரம்பு நாடு முழுவதற்குமாக இல்லை. லிதுவேனியா 2014-லேயே சிறுவர்களுக்கு விற்பதைத் தடுத்தது. போலந்தில் 2024 ஜனவரி முதல் தடை. பஞ்சாப் அரசு 2025-ல் பள்ளி கேன்டீன்களிலும் பள்ளிகளின் அருகிலும் இதை நிறுத்த முன்வந்தது.

தமிழ்நாட்டிடம் அதிகாரம் இல்லையா என்றால், தாராளமாக இருக்கிறது. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 30-வது பிரிவின்படி, மாநில உணவுப் பாதுகாப்பு ஆணையர் பொதுநலன் கருதி ஓர் உணவுப் பொருளை ஓராண்டு வரை தடை செய்யலாம். குட்காவும் 2025 ஏப்ரலில் பச்சை முட்டை மயோனைஸும் இப்படித்தான் தடை செய்யப்பட்டன. மயோனைஸுக்குக் காட்டிய வேகத்தை, பள்ளி வாசலில் விற்கும் இந்த பாட்டிலுக்கும் காட்டும்படி அரசைக் கேட்பது பெற்றோரின் உரிமை. தமிழில் எச்சரிக்கை கேட்பதும் அப்படியே.

புதிய ஆணை வரும்வரை கையில் இருக்கும் விதியைப் பயன்படுத்தலாம். கொழுப்பு, உப்பு, சர்க்கரை மிகுந்த உணவைப் பள்ளி வளாகத்திலும் வாசலிலிருந்து 50 மீட்டருக்குள்ளும் விற்கவோ விளம்பரம் செய்யவோ கூடாது என்கிறது 2020-ல் வந்த பள்ளி உணவு ஒழுங்குமுறை. கஃபீனை அது குறிவைக்கவில்லை என்றாலும் சர்க்கரைக் கணக்கில் இந்த பாட்டில்கள் மாட்டும். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் இதை எழுப்பித் தீர்மானமாகப் பதிவு செய்யலாம். சிறுவர் நிகழ்ச்சிகளுக்கு நடுவே கார்பன் ஏற்றிய பானங்களுக்கு விளம்பரம் வந்தால், அது 2022-ன் நுகர்வோர் வழிகாட்டுதல்களை மீறியது. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம்.

லேபிளில் எச்சரிக்கையே இல்லை, காலாவதி தேதி கடந்துவிட்டது என்றால், தமிழ்நாடு உணவுப் பாதுகாப்புத் துறையின் வாட்ஸ்அப் எண்ணான 94440 42322-க்குப் படத்தோடு அனுப்பலாம். கடையின் பெயர், இடம், பேட்ச் எண், வாங்கிய தேதி நான்கும் இருந்தால் அதிகாரி தேடி அலைய வேண்டியதில்லை. பில் தர மறுப்பதே முறையற்ற வணிகம் என்கிறது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். உடல்நலம் கெட்டிருந்தால் மருத்துவச் சீட்டையும் பில்லையும் வைத்து மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். இழப்பீட்டு வழக்கின் தொடக்கமே அந்தக் காகிதங்கள்தான்.

புகார் கொடுத்து என்ன ஆகப்போகிறது என்று அலுத்துக்கொள்வோர், ஹைதராபாத் குழந்தைகள் நல மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் செய்ததைப் பார்க்கலாம். சர்க்கரை மிகுந்த பானங்கள், வயிற்றுப்போக்குக்குத் தரும் கரைசலான ‘ஓஆர்எஸ்’ஸின் பெயரைத் தாங்கி விற்கப்படுவதை எதிர்த்து சுமார் எட்டு ஆண்டுகள் கடிதம் எழுதினார், தெலங்கானா உயர் நீதிமன்றம் வரை போனார். 2025 அக்டோபரில் அந்தப் பெயரை அப்படிப் பயன்படுத்தக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவிட்டது.