அட்டையின் பின்பக்கம்

கூடலூர், கம்பம், உத்தமபாளையம் பக்கம் பல டீக்கடைகளில் சாமி படங்களுக்கு நடுவே மீசை வைத்த வெள்ளைக்காரர் ஒருவரும் மாட்டப்பட்டிருப்பார். யார் இவர் என்று வெளியூர்க்காரர் கேட்டால் போதும், கல்லாவில் இருப்பவரே சொல்லி முடித்துவிடுவார்: பென்னிகுவிக், முல்லைப் பெரியாறு அணை, 1887-ல் ஆரம்பித்த வேலை, கட்டியதை அடித்துக்கொண்டு போன வெள்ளம், கைக்காசைப் போட்டுக் கட்டியது, 1895-ல் வந்த தண்ணீர். (கைக்காசுக்கு ஆவணம் எங்கே என்று சிலர் கேட்பதுண்டு, அது தனிப் பஞ்சாயத்து.) படம் கைமாறும்போது கதையும் கூடவே கைமாறுகிறது. அதனால்தான் நூறு வருஷத்துக்கு மேலாகியும் அந்த முகம் இங்கே யாருக்கும் அந்நியமாகவில்லை. கால்பந்து வீரர்களின் கையெழுத்திட்ட அட்டைகளைச் சேர்ப்பவர்கள் செய்வதும் ஏறக்குறைய இதுதான். கையெழுத்தை மட்டும் வாங்கி, ஆட்டக்காரரின் கதையைச் சேர்க்காமல் விட்டால் மிஞ்சுவது மை பட்ட காகிதம். அந்தக் கதை சேர்க்கும் வேலை ஐரோப்பிய நட்சத்திரங்களைவிட நம் பக்கத்து ஆட்டக்காரர்களுக்கே அதிகம் தேவைப்படுகிறது.

அட்டை என்றால் நமக்கு ஞாபகம் வருவது பபிள்கம்மோடு வந்த கிரிக்கெட் படங்களும், பள்ளிக்கூடப் பையில் ஒளிந்திருந்த மல்யுத்த ட்ரம்ப் கார்டுகளும்தான். இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டில் ஜான் பெயின்ஸ் என்பவர் 1880-களிலேயே கால்பந்து அட்டைகளை அச்சடித்து விற்றார். பிறகு சிகரெட் பெட்டிக்குள் வைத்த அட்டையில் ஆட்டக்காரர்கள் வந்தார்கள். 1970 மெக்சிகோ உலகக் கோப்பையிலிருந்து இத்தாலியின் பனினி ஸ்டிக்கர் ஆல்பம் பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டது. மைதான வாசலில் காத்துக் கிடந்து வாங்கிய கையெழுத்தை வியாபாரச் சரக்காக்கியது அமெரிக்கா: 1990-ல் அப்பர் டெக் நிறுவனம் பேஸ்பால் வீரர் ரெஜி ஜாக்சன் கையெழுத்திட்ட 2,500 அட்டைகளைப் பாக்கெட்டுகளுக்குள் கலந்துவிட்டது. லாட்டரி மாதிரிதான். இப்போது கால்பந்திலும் அதே கதை. பல கையெழுத்துகள் அட்டையின் மேல் போடப்பட்டவைகூட இல்லை. வீரர் எங்கோ உட்கார்ந்து கண்ணாடி போன்ற ஸ்டிக்கர் தாள்களில் வரிசையாகக் கையெழுத்துப் போட்டுத் தள்ளுவார்; நிறுவனம் அதை அட்டையில் ஒட்டும். அந்த அட்டையை அவர் கண்ணால் பார்த்திருக்கவே மாட்டார்.

விலை நிர்ணயம் எப்படி என்பது போடிநாயக்கனூர்க்காரர்களுக்குச் சட்டென்று புரியும். ஏலக்காயைச் சலித்து, எட்டு மில்லிமீட்டருக்கு மேல் தேறுவது ஒரு விலை, கீழே விழுவது ஒரு விலை, பச்சை மங்கியிருந்தால் இன்னொரு விலை என்று பிரிப்பார்கள் அல்லவா? அட்டைக்கும் அப்படித்தான்: நான்கு மூலை, ஓரம், மேற்பரப்பு, படம் நடுவில் அமைந்திருக்கிறதா என்று பார்த்து ஒன்று முதல் பத்து வரை மதிப்பெண் போட்டு பிளாஸ்டிக் உறைக்குள் சீல் வைத்துவிடுவார்கள். 1958-ல் ஸ்வீடனில் அச்சான பெலேயின் அட்டை ஒன்று 2022-ல் 13.3 லட்சம் டாலருக்குப் போனது. நம் கணக்கில் சுமார் பத்துக் கோடி ரூபாய். ஆனால் அந்த அட்டை இல்லாவிட்டாலும் பெலேயை யாரும் மறந்துவிடப் போவதில்லை. அவருக்குப் புத்தகம், படம், புள்ளிவிவரம் எல்லாம் இருக்கின்றன.

நம் ஆட்டக்காரர்களுக்கு அந்தப் பின்பலம் கிடையாது. ஐரோப்பிய அட்டையைத் திருப்பினால் எந்த வருஷம், எந்த கிளப், எத்தனை ஆட்டம், எத்தனை கோல் என்று பின்பக்கம் கட்டம் கட்டி இருக்கும். இந்தியாவில் தேசிய லீக் என்று ஒன்று தொடங்கியதே 1996-ல்தான். அதற்கு முன் ஒருவரின் ஆட்ட வாழ்க்கை டூரண்ட், ரோவர்ஸ், ஐ.எஃப்.ஏ. ஷீல்டு, சந்தோஷ் டிராபி என்று சிதறிக் கிடந்தது. சம்பளம் கொடுத்தது ராணுவமும் ரயில்வேயும் வங்கியும் போலீசும். பீட்டர் தங்கராஜை எடுத்துக்கொள்வோம். ஹைதராபாத்தில் பிறந்தவர், ராணுவத்தில் சேர்ந்து மெட்ராஸ் ரெஜிமென்டல் சென்டர் அணிக்கு முன்கள ஆட்டக்காரராக வந்து, பிறகு கோல்கீப்பரானார். அந்த அணி 1955, 1958 இரண்டு முறையும் டூரண்ட் கோப்பையை வென்றது. மெல்போர்ன், ரோம் இரண்டு ஒலிம்பிக்கிலும் இருந்தார். 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டின்போது காய்ச்சலில் படுத்ததால் முந்தைய ஆட்டங்களில் பிரத்யுத் பர்மன் கோல் காத்தார். இறுதிப் போட்டிக்குத் தங்கராஜைத்தான் இறக்கினார்கள். கூட்டம் இந்தியாவுக்கு எதிராகக் கத்திக்கொண்டிருக்க, தென் கொரியாவை 2-1 என்று இந்தியா வென்றது. இத்தனையையும் ஓர் அட்டையின் பின்பக்கத்தில் எழுதிவிடலாம். எழுத ஆள்தான் வேண்டும்.

இதற்கு மறுப்புகள் உண்டு. போனில் தட்டினால் எல்லாம் வருகிறதே, அட்டை எதற்கு என்பது முதலாவது. தட்டுவதற்குப் பெயர் தெரிந்திருக்க வேண்டும். 1997-98 தேசிய லீக்கில் எஃப்.சி. கொச்சினுக்காகப் பத்து கோல் அடித்து முதலிடம் பிடித்த தமிழர் ராமன் விஜயன் என்று எத்தனை பேர் தேடப் போகிறார்கள்? கண்ணில் படும் இடத்தில் முகம் இருந்தால்தான் கேள்வி பிறக்கும். பென்னிகுவிக் படம் செய்கிற வேலை அதுதான். இரண்டாவது மறுப்பு, தேனிக்கும் கால்பந்துக்கும் என்ன சம்பந்தம் என்பது. பெரியகுளத்தில் மே மாதம் நடக்கும் அகில இந்தியக் கூடைப்பந்துப் போட்டியைச் சொல்லி, எங்கள் ஆட்டம் இதுதான் என்பார்கள். நியாயம்தான்; அதே வழக்கத்தைக் கூடைப்பந்துக்கும் வைத்துக்கொள்ளலாம், அங்கே ஆட்டக்காரர்கள் ஊருக்கே வந்து போகிறார்கள். ஆனால் குமுளி மலையேறினால் கால்பந்துப் பைத்தியம் பிடித்த கேரளம். அது ஒன்றும் தூரதேசம் அல்ல.

மூன்றாவது மறுப்பு கனமானது: போலி. அமெரிக்காவில் எஃப்.பி.ஐ. 1990-களில் ‘ஆபரேஷன் புல்பென்’ என்று தனி விசாரணையே நடத்தி, கள்ளக் கையெழுத்துக் கும்பலைப் பிடித்தது. மெஸ்ஸி கையெழுத்து என்று ஆன்லைனில் சல்லிசாக ஒன்று வந்தால் சந்தேகப்படத்தான் வேண்டும். ஆனால் பணம் இருக்கிற இடத்தில்தான் போலி வரும். சந்தோஷ் டிராபி ஆடிய வங்கி ஊழியரின் கையெழுத்தைக் கள்ளத்தனமாகப் போட்டு எவன் பிழைக்கப் போகிறான்? சந்தை மதிப்பு இல்லாததே இங்கே பாதுகாப்பு. அச்சடித்த அட்டை இவர்களுக்குக் கிடையாது என்பதும் பெரிய தடை இல்லை. ஸ்டுடியோவில் மேக்சி சைஸ் பிரிண்ட் போட்டால் போதும், பளபளப்புத் தாள் வேண்டாம், மேட் தாள் நல்லது. பந்துமுனைப் பேனா வழுக்கும், அழுத்தினால் பள்ளம் விழும். பெர்மனென்ட் மார்க்கரில் வாங்கி, காயும்வரை கைபடாமல் வைக்க வேண்டும். தபாலில் அனுப்புவதானால் திரும்பி வர நம் முகவரி எழுதி ஸ்டாம்பு ஒட்டிய கவரையும் உள்ளே வைத்துவிட வேண்டும்.

தள்ளிப்போடுவதில் ஒரு நஷ்டம் உண்டு. தங்கராஜ் 2008-ல் போய்விட்டார். 2003-ல் ஈஸ்ட் பெங்கால் ஆசியான் கோப்பை வென்றபோது அந்த அணியில் ஆடிய தஞ்சாவூர் குலோத்துங்கன் 2018-ல் சாலை விபத்தில் போனார். தேனிக்காரர் ஒருவர் இன்றைக்கு ஆரம்பிப்பதானால் ஐ.எம். விஜயனிடமிருந்து ஆரம்பிக்கலாம். முகம் இங்கே எல்லோருக்கும் தெரியும், ஆனால் 'திமிரு' படத்து ஈஸ்வரியின் அண்ணனாக. திருச்சூர் மைதானத்தில் சோடா விற்ற பையன், கேரள போலீஸ் அணி, 1993, 1997, 1999 என்று மூன்று முறை நாட்டின் சிறந்த வீரர், 1999 தெற்காசிய விளையாட்டில் பூட்டானுக்கு எதிராக ஆட்டம் தொடங்கிப் பன்னிரண்டாவது விநாடியில் கோல், 2025-ல் பத்மஸ்ரீ. முன்பக்கத்துக்கு இந்திய ஜெர்சிப் படமா, 'திமிரு' படமா என்று ஸ்டுடியோக்காரர் கேட்டால் ஜெர்சியைக் காட்டுங்கள். 'திமிரு' பின்பக்கத்தில் ஒரு வரியாகப் போதும்.