தென்னையின் பசியை எதில் பார்ப்பது?

தென்னந்தோப்பில் காய்ப்பு குறைந்தால் உரத்தைக் கூட்டுகிறோம். நன்றாகக் காய்த்தால் போட்ட உரம் போதும் என்று இருந்துவிடுகிறோம். இந்தக் கணக்கில் ஒரு பிழை இருக்கிறது. இன்று பறிக்கும் தேங்காய்க்கான பாளையின் கரு, மரத்தின் கொண்டைக்குள் ஏறக்குறைய 44 மாதங்களுக்கு முன்பே உருவாகிவிடுகிறது. அது பாளையாகி வெடிக்க 32 மாதங்கள், காய் முற்ற மேலும் ஓராண்டு. ஆகவே காய்களின் எண்ணிக்கை, மரம் கடந்துவந்த நாலு வருடங்களின் வரவுசெலவைத்தான் காட்டும். இந்த ஆண்டு வைத்த உரம் சரியா என்பதை அது சொல்லாது.

ஓலையின் நிறம் ஓரளவு உதவும். தழைச்சத்தோ சாம்பல் சத்தோ மக்னீசியமோ குறைந்தால் மரம் அடி மட்டைகளிலிருந்து அதை உருவி இளம் ஓலைக்குக் கொடுக்கும். அதனால் கீழ் மட்டைகள் முதலில் மஞ்சளாகும். போரான் அப்படி இடம்பெயராது. அது குறைந்தால் குருத்திலேயே தெரியும்: ஓலைகள் பிரியாமல் ஒட்டிக்கொண்டு, மட்டை குட்டையாகும். ஆனால் மஞ்சளெல்லாம் பசியல்ல. பொள்ளாச்சிப் பக்கம் பரவியுள்ள கேரள வாடல் நோயிலும் ஓலை மஞ்சளாகும். அது பைட்டோபிளாஸ்மா என்ற நுண்ணுயிரால் வருவது, உரம் அதைக் குணமாக்காது. மேலும், குறை கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே விளைச்சல் குறையத் தொடங்கிவிடும்.

மண் பரிசோதனை இதைவிட நம்பகமானது. ஆனால் எப்படி மண் எடுக்கிறோம் என்பதில்தான் சூட்சுமம். மண்வள அட்டைத் திட்டத்தின் தொடக்கச் சுற்றுகளில் பாசன நிலத்தில் இரண்டரை ஹெக்டேருக்கு ஒரு மாதிரிதான் எடுக்கப்பட்டது. அது ஒவ்வொரு தோப்பின் நிலையையும் தனியாகக் காட்டாது. எடுக்கும் ஆழமும் முக்கியம். நெல்லுக்கு மேல்மண் போதும். தென்னைக்கு மரத்தைச் சுற்றிய பாத்தியில், ஓரடி, இரண்டடி, மூன்றடி ஆழங்களில் தனித்தனியாக எடுக்க வேண்டும். அப்படி எடுத்தாலும், மண்ணில் என்ன இருக்கிறது என்பதுதான் தெரியும். வேர் எவ்வளவு உறிஞ்சியது என்பது தெரியாது. பொட்டாஷ் மிகுந்தால் மக்னீசியத்தை மரம் எடுப்பது தடைப்படும் என்பது இதற்கு நல்ல உதாரணம்.

அந்த இடைவெளியை நிரப்புவது ஓலைப் பரிசோதனை. முழுதாய் விரிந்த முதல் மட்டையிலிருந்து எண்ணிப் பதினான்காவதைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அதன் கக்கத்தில் கைமுட்டி அளவுக் காய்கள் இருக்கும். மட்டையின் நடுப்பகுதியில் இருபுறமும் சில ஓலைகளை எடுத்து, ஈர்க்கை உரித்துவிட்டு, நடுத்துண்டை மட்டும் உலர்த்தி அனுப்ப வேண்டும். தழைச்சத்து 1.8 சதவீதத்துக்கும், மணிச்சத்து 0.12 சதவீதத்துக்கும், சாம்பல் சத்து 0.8 முதல் 1 சதவீதத்துக்கும் கீழே போனால் பற்றாக்குறை என்பது பொதுவான அளவுகோல். ரகத்துக்கும் இடத்துக்கும் ஏற்ப இது சற்று மாறும்.

வளர்ந்த மரத்துக்கு ஆண்டுக்கு யூரியா 1.3 கிலோ, சூப்பர் பாஸ்பேட் 2 கிலோ, பொட்டாஷ் 2 கிலோ என்று தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைத்திருக்கும்போது பரிசோதனை எதற்கு என்று கேட்கலாம். அது பொது அளவு, தொடங்குவதற்குச் சரி. மணற்பாங்கான தோப்புக்கும் களிமண் தோப்புக்கும் அதே அளவு எப்போதும் பொருந்தாது. ஐம்பது மரம் வைத்திருப்பவருக்கு ஆய்வகச் செலவு கட்டுமா என்பது நியாயமான கேள்வி. மண்ணும் மரத்தின் வயதும் ஒத்திருக்கும் அண்டைத் தோப்புக்காரர்கள் சேர்ந்து ஒரு மாதிரி அனுப்பினால் செலவு பங்கிடப்படும். தேவையில்லாத உரத்துக்கோ வருடா வருடம் பணம் போகிறது.

மண் பரிசோதனை அளவுக்கு ஓலைப் பரிசோதனை சிறு விவசாயிக்கு எளிதில் எட்டவில்லை என்பதும் உண்மைதான். மண் ஆய்வகங்களிலேயே ஓலையையும் வாங்கிப் பரிசோதிக்க அரசு ஏற்பாடு செய்ய வேண்டும். அதுவரை, அடுத்த தவணை உரம் வைப்பதற்கு முன் மண்ணையாவது முறையாக எடுத்துப் பரிசோதித்துவிடுங்கள்.